பிளாஸ்டிக் கோபுரத்தை நான் ஏன் கழற்றினேன்

1

கோபுரத்தைக் கழற்றி இறக்கி இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது.

ஒரு காஞ்சிபுரத்துக்காரி இப்படி எழுதினால் சிலருக்குத் தூக்கிவாரிப் போடும். போடட்டும். ஊரில் இந்தக் கதை ஏற்கெனவே கை கால் முளைத்து நடக்க ஆரம்பித்துவிட்டது. பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிற என் சித்தி போன வாரம் போன் பண்ணினாள்.

"இன்னாடி ராஜி, அமெரிக்காவுல நீ ஏதோ கோயில இடிச்சிட்டியாமே? போலீஸ்லாம் வந்துச்சாமே? கல்யாணத்துல ஒக்காந்துக்கினு பேசறாங்க. எனக்கு மானமே போச்சு."

"கோயில் இல்ல சித்தி. ஓட்டல்."

"ஓட்டல்ல எதுக்குடி கோபுரம்?"

"அதத்தான் சித்தி நானும் கேட்டேன்."

சித்திக்குப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. நடுவில் அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். அதனால் எழுதுகிறேன். கேள்விப்பட்டவர்கள் படிக்கட்டும். படித்த பிறகும் நான் செய்தது தப்பு என்று தோன்றினால் தோன்றிவிட்டுப் போகட்டும், நான் திருத்திக்கொள்ளப் போவதில்லை.

2

நான் ராஜேஸ்வரி. பிறந்தது முசரவாக்கம். நிலம் வைத்திருந்த குடும்பம்தான், ஆனால் அப்பா நிலத்தைத் தன் தம்பியிடம் விட்டுவிட்டு டவுனுக்கு வந்து, கோயிலுக்கு வருகிற டூரிஸ்ட் வண்டிகள் நிற்கிற இடத்துக்கு எதிரில் ஒரு மெஸ் நடத்தினார். என் கணவர் முரளி வாலாஜாபாத். அவருடைய பெரியப்பா மகன் ஃபுளோரிடாவில் ஒரு மோட்டல் வைத்திருந்தார். அங்கே வேலைக்கு வந்தோம். முரளி தங்குகிறவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் தீம் பார்க் வாசலில் விடுவார், நான் மோட்டலில் காலைச் சாப்பாடு பார்த்துக்கொண்டேன். பிறகு துணிந்து, அந்தத் தீம் பார்க்குக்குப் போகிற சாலையிலேயே ஒரு கடை பிடித்தோம். ராஜி டிபன்.

அந்தச் சாலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இடது பக்கம் முழுக்க செயின் கடைகள். கோழி, பர்கர், பீட்சா, காபி. நீங்கள் பெங்களூர் ஹைவேயில் பார்க்கிற அதே பெயர்கள்தான், அதே சிவப்பு, அதே மஞ்சள். வலது பக்கம் வேஷம் கட்டின ஓட்டல்கள். ஒன்று கடல் கொள்ளைக்காரர் கப்பல், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பீரங்கி வெடிக்கும். ஒன்று காடு, அடிக்கடி பொய் இடி இடித்துப் பொய் மழை பெய்யும். இன்னொன்று கோட்டை, அதில் குதிரையே ஓடும். கப்பலுக்கும் காட்டுக்கும் நடுவில் எங்கள் கடை.

செயின் கடைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம், வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதினால் பர்கரைத் திட்டித்தான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நாள் பூராவும் வெயிலில் நின்று, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வருகிற ஒரு தாய்க்குப் புதுசாக எதையும் பழகுகிற தெம்பு இருக்காது. தெரிந்த பெயர், தெரிந்த ருசி, சுத்தமான கழிப்பறை. அந்தக் கடை அவளுக்குச் சொன்னதைக் கொடுக்கிறது. அதற்கு மேல் அது எதுவும் சொல்லிக்கொள்வதில்லை.

கப்பல் ஓட்டலையும் நான் குறை சொன்னதில்லை. என் மகள் நித்யாவே அங்கேதான் மாலை வேலைக்குப் போனாள். கல்லூரி முடிந்ததும் ஒற்றைக் கண்ணில் கறுப்புப் பட்டை, இடுப்பில் பிளாஸ்டிக் கத்தி, கோடு போட்ட பனியன். அந்தக் கொள்ளைக்காரர்கள் செத்துப்போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அவர்கள் வேஷத்தை யார் போட்டாலும் யாருக்கும் வலிக்கப்போவதில்லை.

என் கடைக்கு வேஷம் எதுவும் கிடையாது. வெள்ளைச் சுவர், டியூப்லைட், எவர்சில்வர் தட்டு. அப்பாவின் மெஸ்ஸும் அப்படித்தான். அங்கே கோபுரம் தெருவில் இருந்தது. ஆந்திராவிலிருந்து வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போதே "போஜனம் உந்தா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குச் சாமி தரிசனம் ஆகியிருக்கும், இனி சாப்பாடு வேண்டும், அவ்வளவுதான். சாப்பாட்டுக்குள் மறுபடியும் சாமியைத் தேடி யாரும் வந்ததில்லை.

3

எங்களுக்குக் கடையை வாடகைக்கு விட்ட கட்டடத்துக்காரர் பெயர் ராபர்ட். நல்லவர்தான், சிரித்துக்கொண்டேதான் பேசுவார். ஒரு நாள் மெலிசா என்று ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கடைகளுக்கு அலங்காரம் போட்டுக் கொடுப்பது அவள் தொழில். மேசையில் பெரிய பெரிய படங்களை விரித்தாள்.

விஷயம் இதுதான். அந்த வரிசைக் கடைகள் முழுவதையும் 'உலகத் தெரு' ஆக்கப்போகிறார்கள். ஒவ்வொரு கடையும் ஒரு நாடு. எங்களுடையது இந்தியா. வாசலில் கோபுரம், உள்ளே யானை, நாற்காலிகளுக்குப் புலித்தோல் மாதிரி துணி. சாப்பாடு தயாரானால் கோயில் மணி அடிக்கும், உடனே வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து "நமஸ்தே!" என்று கத்த வேண்டும்.

"உங்கள் பெயரே ராஜ்!" என்றாள் மெலிசா. அவளுக்கு ரொம்ப சந்தோஷம். "ராஜ்ஸ் டெம்பிள் கிச்சன். எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்!"

ராஜி என்பது ராஜேஸ்வரியின் சுருக்கம் என்று சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு ராஜ் என்றே எழுதிக்கொண்டாள்.

"வேஷம் வேண்டாம் என்றால்?" என்று கேட்டேன்.

ராபர்ட் கையை விரித்தார். வேஷம் இல்லாவிட்டால் பெயர் தெரிந்த கம்பெனியாக இருக்க வேண்டும், இரண்டும் இல்லாத கடைக்கு அந்தத் தெருவில் இனி இடம் இல்லை, ஒரு கோழிக் கம்பெனி அந்த இடத்தை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறது என்றார்.

எனக்கு இங்கிலீஷ் புரியும். கோபம் வந்தால் மட்டும் வாயில் வராது. அன்றைக்கு எனக்கு வந்தது இவ்வளவுதான்: "நோ தீம். ஒன்லி டிபன்."

மெலிசா சிரித்தாள், நல்ல விளம்பர வாசகம் என்று பாராட்டினாள். பக்கத்தில் நின்ற நித்யாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அவர்கள் போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, ஏம்மா இப்படி எம்பேரஸ் பண்ற? இட்ஸ் ஜஸ்ட் டெக்கரேஷன். நான் டெய்லி பைரேட் வேஷம் போடல? அதுக்காக நான் பைரேட்டா?"

"நீ பைரேட் இல்லன்னு பாக்கறவங்களுக்குத் தெரியும். நான் இப்படி இல்லன்னு அவங்களுக்குத் தெரியாதேம்மா."

"யூ ஆர் சோ டிராமடிக்" என்று சொல்லிவிட்டுப் பட்டையைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அந்த வருஷம் எங்களுக்குள் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் முடிந்தது. நான் தமிழில் ஆரம்பிப்பேன், அவள் இங்கிலீஷில் முடிப்பாள்.

4

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி சேகரின் மகனுக்கு ஓரிக்கையில் கல்யாணம். நான் மட்டும் ஊருக்குப் போனேன். முரளி கடையைப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எங்களை ஹைவேயில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்திலேயே தண்ணீர் விளையாட்டு, ராட்டினம் எல்லாம் இருக்கிற ஒரு பார்க். அதன் வாசலை ஒட்டி, இங்கே நான் பார்க்கிற மாதிரியே ஒரு பக்கம் செயின் கடைகள். இன்னொரு பக்கம் இந்த ஓட்டல். அதன் வேஷம் 'கிராமம்'. மாட்டு வண்டியில் சீரியல் பல்பு, சுவரில் சாணி நிறத்தில் பெயின்ட், ஏர் பிடித்து நிற்கிற ஒரு சிமென்ட் விவசாயி.

சேகர் இன்றைக்கும் முசரவாக்கத்தில் பயிர் வைக்கிறவன். கட்சியிலும் இருக்கிறான். அவன் அந்தச் சிமென்ட் ஆளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இவன் என்ன விட நல்லா இருக்கான். உரம் எங்க வாங்கறான்னு கேளு" என்றான். எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒரு வெயிட்டர் வந்து, போட்டோ எடுக்க வேண்டும், அந்தச் சிலை பக்கத்தில் நில்லுங்கள் சார் என்று சேகரைக் கூப்பிட்டார். சேகர் தோளில் துண்டு போட்டிருந்தான். அதை எடுத்துவிட்டு ஓட்டல் வைத்திருந்த பச்சைத் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்.

சேகர் தன் துண்டை எடுத்து விரித்துக் காட்டினான். "இதுக்கு இன்னாபா?" என்றான்.

"இது அழுக்கா இருக்குது சார். போட்டோவுல நல்லா வராது."

அவன் சண்டை போடவில்லை. பச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். போட்டோவில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். திரும்பி வரும்போது வண்டியில் தன் துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தான்.

எங்கள் ஊரில் ஜரிகை பார்க்கத் தெரியாத ஆள் கிடையாது. பொய் ஜரிகை என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள், வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். அதைக் கொண்டுவந்து அசல் ஜரிகைக்குப் பக்கத்தில் வைத்து, அசலைப் பார்த்து நீ மங்கலாக இருக்கிறாய் என்று சொன்னால்தான் வயிறு எரியும். அன்றைக்கு எனக்கு எரிந்தது.

5

ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு ஃபுளோரிடாவில் இறங்கினேன். ஏர்போர்ட்டுக்கு நித்யாதான் வந்தாள். கடைக்குப் போகலாம் என்றேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் போகலாமே என்றாள். இரண்டு தடவை சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடை முகப்பில் கோபுரம் நின்றது.

ஆரஞ்சும் ரோஸும் கலந்த பிளாஸ்டிக் கோபுரம், கூரையைத் தாண்டி நின்றது. ஒவ்வொரு அடுக்கிலும் பொம்மைகள். ஒரு விநாயகர், ஒரு புலி, கைதட்டுகிற குரங்கு, ஒரு புத்தர், அப்புறம் எகிப்து ராணி மாதிரி யாரோ ஒருத்தி. அதன் வாசல் எங்கள் கடைக்குள் போகவில்லை. கடைக்கு வழி பக்கத்தில், கண்ணாடிக் கதவு. கோபுர வாசல் போனது அந்த வரிசைக்கே பொதுவான கழிப்பறைக்கு. நிலைக்கு மேல் 'இந்தியா' என்று ஒரு பலகை, ஒரு அம்புக்குறி, அதற்குக் கீழே ஆண் படம், பெண் படம்.

உள்ளே மணி அடித்தது. "நமஸ்தே!" என்று சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முரளி தட்டோடு வெளியே வந்தார். தலையில் பளபளப்பான தலைப்பாகை, அதில் ஒரு மயிலிறகு. எங்கள் கல்யாணத்தில்கூட அவர் தலைப்பாகை கட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தவர். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அதைக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ கல்யாணத்துல இருந்த ராஜி. அவன் நேர்ல வந்து நின்னுக்கினு, இப்ப சொல்லு, இல்லனா கோழிக்காரன் வந்துருவான்னான். நான் இன்னா பண்றது? கடை போச்சுன்னா திரும்பியும் வேன் ஓட்டணும். இந்த வயசுல ராத்திரி ஷிஃப்ட் என்னால முடியாது."

"கக்கூஸ் வாசல்ல கோபுரம் வெச்சிருக்கான். அதப் பாத்தீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டினப்புறம்தான் பாத்தேன். சொன்னேன். டிசைன் மாத்த முடியாதுன்னான்."

அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. இந்த நாட்டில் எங்களுக்கு வேறு என்ன இருந்தது? ஆனாலும் பயம் புரிகிறது என்பதற்காக நான் அந்த வாசலைச் சகித்துக்கொண்டு இட்லி ஊற்ற முடியுமா?

6

மறுநாள் காலை, பார்க் திறக்கிற நேரம். சாலை முழுக்கக் கூட்டம். கடைக்குப் பின்னால் இருந்த ஏணியை இழுத்துக்கொண்டு வந்து கோபுரத்தில் சாய்த்தேன். திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினேன். உடைக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஸ்குரூ போட்டு மாட்டியிருந்தார்கள், ஸ்குரூவைக் கழற்றினால் இறங்கிவிடும்.

முரளி கீழே நின்று, "ராஜி, வேணாம், எறங்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போகிறவர்கள் இதுவும் ஏதோ நிகழ்ச்சி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். கல்லூரி லீவு என்பதால் கப்பல் ஓட்டலுக்குக் காலை வேலைக்கு வந்திருந்த நித்யா முழு வேஷத்தோடு ஓடி வந்தாள்.

"ம்மா! ஆர் யூ கிரேஸி? எல்லாரும் பாக்கறாங்க. கீழ வா!"

அப்போது ஒரு சின்னப் பெண் தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கோபுரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, இது என்ன?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இதுவா? பாத்ரூம்டா செல்லம்" என்றான் அவன். கிண்டலாகச் சொல்லவில்லை. அங்கே இருந்த படத்தைப் பார்த்துச் சொன்னான்.

"இந்தியாவில் பாத்ரூம் இவ்வளவு அழகாக இருக்குமா?"

"இருக்கும்போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

நித்யா சின்ன வயதில் ஊருக்கு வந்தபோது என் தோளில் உட்கார்ந்துகொண்டு கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறாள். அது அவளுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவள் அந்த அப்பாவும் மகளும் உள்ளே போவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஏணியைப் பிடித்தாள்.

"எறங்கும்மா. உனக்கு முட்டி வலி. நான் ஏறறேன்."

தமிழில் சொன்னாள். நான் இறங்கினேன். அவள் பிளாஸ்டிக் கத்தியை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, கண்பட்டையை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏறினாள். மேல் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே நீட்டினாள். நான் வாங்கினேன்.

வாங்கியதை எங்கே வைப்பது? தார்த் தரையில் வைக்கக் கை வரவில்லை. பிளாஸ்டிக்தான், எந்தத் தொழிற்சாலையிலோ ஊற்றினதுதான், பக்கத்தில் எகிப்து ராணி வேறு. ஆனாலும் விநாயகரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முரளி உள்ளே போய் மேசை விரிப்புகளைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். அதன் மேல் வரிசையாக வைத்தோம். அதற்குப் பிறகு அங்குமிங்கும் போக வேண்டியிருந்தபோது மூன்று பேருமே அதைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டுதான் போனோம்.

ராபர்ட் வந்தார், கூடவே போலீஸ்காரர் ஒருவர். சித்தி கேள்விப்பட்டதில் இது மட்டும் நிஜம்.

"உடைத்தீர்களா?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"இல்லை. பாருங்கள். ஸ்குரூ எல்லாம் இந்தக் கிண்ணத்தில் இருக்கிறது" என்றாள் நித்யா. அவள் இங்கிலீஷுக்கு முன்னால் நான் வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. கோபுரம் எங்களுக்கு என்ன, கழிப்பறை வாசலில் அது ஏன் நிற்கக்கூடாது என்பதை எல்லாம் அவள் சொன்னாள். உங்கள் ஊர்ச் சர்ச் கோபுரத்தை இப்படி வைப்பீர்களா என்று கேட்டாள். போலீஸ்காரர் அடுக்கி வைத்திருந்ததைச் சுற்றி வந்து பார்த்தார். பொருள் சேதம் இல்லை, இது உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ள விவகாரம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராபர்ட் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், மாதக் கடைசிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று.

"பண்ணிடறோம்" என்றேன்.

7

கடை போயிற்று. இதை மூடிமறைத்து நான் ஜெயித்தேன் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. கோழிக் கம்பெனி வந்தது. நன்றாக ஓடுகிறது. கழிப்பறை படு சுத்தமாக இருக்கிறது என்று நித்யா சொன்னாள். அவளையும் கப்பல் ஓட்டலில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள், வேஷத்தோடு ஏணி ஏறினதற்காக.

முரளி திரும்ப வேன் ஓட்டப் போனார், அவர் பயந்த அதே ராத்திரி ஷிஃப்ட். சாப்பாடு எடுத்து வைப்பேன், சாப்பிடுவார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உன் கோபுரத்த நீ காப்பாத்திட்ட. குடும்பத்த யாரு காப்பாத்தறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் திரும்ப அந்தக் காலை வந்தால் அந்த ஏணியில் ஏறத்தான் ஏறுவேன் என்று மட்டும் தெரியும்.

வழி காட்டினவர் ஹெக்டர். பழைய கடையில் பின்கதவு வழியாக வந்து பார்சல் வாங்கிக்கொண்டு போகிறவர். தீம் பார்க்குக்குள் முதலை வேஷம் போடுவதுதான் அவர் வேலை. வேஷத்தைத் தலை வேறு உடம்பு வேறாக விருந்தினர்கள் யாரும் பார்க்கக்கூடாது என்று அங்கே கண்டிப்பு. அதனால் சாப்பாட்டு நேரத்தில் முன்வாசல் பக்கம் அவர்கள் தலைகாட்டவே முடியாது. பார்க்கின் பின்பக்கம், வேலை செய்கிறவர்கள் வந்து போகிற கேட்டுக்கு எதிரில், மூடிக்கிடக்கிற ஒரு சலவைக் கடை இருக்கிறது என்று சொன்னார்.

"அங்கே சாப்பிட எதுவுமே இல்லை. நீங்கள் வந்தால் நாங்கள் எல்லோரும் வருவோம்" என்றார்.

8

இந்த நாட்டில் ஒரு கடை திறப்பதற்கு எத்தனை கையெழுத்து என்று எழுதினால் உங்களுக்குக் கொட்டாவி வரும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுகாதாரத்துறையிலிருந்து ஒரு அம்மா வந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். மாவுப் பாத்திரத்தைத் திறந்தார். மாவு பொங்கி மூடி வரைக்கும் வந்திருந்தது.

"இது கெட்டுப்போனதா?"

"நோ மேடம்" என்றேன். புளித்த மாவு என்பதற்கு இங்கிலீஷில் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நல்ல மாவு, உயிரோடு இருக்கிற மாவு என்று சொல்ல நினைத்து, "மேடம், இட் இஸ் அலைவ்" என்றேன்.

அந்த அம்மா ஓர் அடி பின்னால் போனார்.

நித்யா தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். தயிர் எப்படி, ரொட்டி எப்படி, அப்படித்தான் இதுவும் என்று விளக்கினாள். எவ்வளவு நேரம் எந்தச் சூட்டில் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு முறை எழுதி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நித்யாவே அலைந்தாள். மாவு புளிப்பதைப் பற்றி அவள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குக் கை கணக்குதான் தெரியும், அவளுக்குச் சூடு, நேரம், புளிப்பு அளவு எல்லாம் வேண்டும். அதற்காகத் தர்மாமீட்டர் வாங்கி வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு எங்கள் பேச்சு நீண்டது அந்த மாவைப் பற்றித்தான். அவள் படிக்கிற படிப்புக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை, அவள் நாளைக்கு வேறு ஊருக்குப் போய்விடுவாள், போகட்டும். தமிழ்ப் பெண் மாதிரி இரு என்று அவளிடம் சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன். ஏணியில் ஏறியவளிடம் இனி எதைச் சொல்வது?

9

கடை திறந்தோம். ராஜி டிபன் என்றே பெயர்.

மதியம் வந்து பாருங்கள். இளவரசி பொன் நிறச் சவுரியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, வேர்த்து ஒட்டின முடியோடு சாம்பார் சாதம் சாப்பிடுகிறாள். கரடி வேஷக்காரர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ஹெக்டர் முதலைத் தலையைப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு இட்லியைப் பிய்க்கிறார். இங்கே யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை, கையசைக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கச் சிரித்தவர்கள் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு சாப்பிடுகிற இடம் இது. முரளி வேன் வேலையை விட்டுவிட்டு வந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, ஒரு நாள் தானாகவே வந்து தட்டுக் கழுவ ஆரம்பித்தார்.

போன மாதம் ஒரு மதியம் ராபர்ட் வந்தார். எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். கதவருகே நின்று கடை முழுவதையும் பார்த்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை அடுப்படியிலிருந்தே நான் பார்த்தேன்.

"அற்புதம்!" என்றார். "யாரும் பார்க்க முடியாததை இங்கே பார்க்கலாம். தினமும் நான் டூரிஸ்ட் வண்டி அனுப்புகிறேன். ஒரே கூட்டமாக இருக்கும், பாருங்கள்."

சொல்லிக்கொண்டே போனைத் தூக்கிப் படம் எடுக்கப் போனார். இளவரசி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படம் வெளியே போனால் அவளுக்கு வேலை போய்விடும்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் முரளி நடுவில் போய் நின்றுவிட்டார். கையில் ஈரத் துணி இருந்தது.

"சார், நோ போட்டோ."

"முரளி, நீங்கள் எப்போதும் யோசித்து முடிவெடுக்கிற ஆள். கொஞ்சம் யோசியுங்கள்."

முரளி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "யோசிச்சாச்சு சார்" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு இங்கிலீஷில், "சாப்பிடுவதாக இருந்தால் உட்காருங்கள்" என்றார்.

ராபர்ட் போனை இறக்கினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். சாம்பார் வாசனையோ, பசியோ, என்னவோ, நின்று இடம் தேடினார். எல்லா நாற்காலியிலும் ஆள். ஹெக்டர் முதலைத் தலையை எடுத்துத் தரையில் வைத்து நாற்காலியைக் காலி பண்ணிக் கொடுத்தார். ராபர்ட் உட்கார்ந்தார். நான் ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அத்தனை வருஷம் அந்தச் சாலையில் எங்களுக்குக் கட்டடத்துக்காரராக இருந்தவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இதன் பெயர் என்ன?" என்று கேட்டார்.

"இட்லி" என்றேன். அதற்கு மேல் எந்த விளக்கமும் கொடுக்கவில்லை.